அங்கே இன்று எவ்வளவு மழை

மார்ச் 6

என் மெக்கானிக்குக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்வது மரியாதைக்காக. முன்பக்கம் முக்கால்வாசி, பின்பக்கம் காலி. "நலம். ஜெனரேட்டர் நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மூன்றை ராணுவத்தின் ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிட்டு, அதன் உடம்பு எப்படியிருக்கிறது என்று எனக்கே எழுதுகிறீர்கள். அது என் சக்களத்தி. அது ஓடினால் என்ன, நின்றால் என்ன?

அத்தை நலம். காலையில் பல் தேய்த்ததும் ஆரம்பித்துவிடுகிறார். "அவன் எங்க இருக்கான்னு உனக்குமா தெரியாது?" சொல்லக் கூடாதாம் அத்தை என்றால், "ஊர் உலகத்துல உள்ளதையெல்லாம் தேடிக் குடுக்கத்தானே சம்பளம் வாங்கற, பெத்தவளுக்குப் புள்ளையத் தேடித் தர முடியலையா" என்கிறார். சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வருவதில்லை.

பாதுகாப்பு ஆராய்ச்சி நூலகத்தில் வேலை எப்போதும்போலத்தான். அதிகாரிகள் கேள்வியோடு வருகிறார்கள். பக்கத்து நாட்டு ராணுவம் யாரிடம் டயர் வாங்குகிறது, ஓர் ஆற்றுப் பாலம் எத்தனை டன் தாங்கும், ஏதோ ஓர் அமைச்சகம் இணையத்திலிருந்து எடுத்துவிட்ட அறிக்கையின் பழைய பிரதி எங்காவது மிச்சமிருக்கிறதா. இதில் ஒன்றுகூட ரகசியம் இல்லை. எல்லாம் வெளியில் திறந்து கிடப்பதுதான், தேடத் தெரிய வேண்டும். புதன்கிழமைகளில் அவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் என்ன கிடைக்கும், வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் என்ன கழியும், அரசாங்கத் தளங்களுக்குள் மட்டும் தேடுவது எப்படி. போன வாரம் ஒரு கர்னல் தேடல் பெட்டியில் "தயவுசெய்து" என்று சேர்த்து எழுதினார். நல்ல வளர்ப்பு.

செப்டம்பரில் இங்கே டிப்போவுக்கு மாற்றல் என்று சொன்னீர்களே, அது நிச்சயம்தானே? உங்கள் டம்ளரை அலமாரியில் முன்வரிசைக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை அது பின்னால் போகக் கூடாது.

உங்கள் துருவி


மார்ச் 24

துருவிக்கு,

முதலில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற ஐயாவுக்கு வணக்கம். இங்கிருந்து போகிற கடிதங்களைத்தான் படிக்கிறார்கள். நீ எழுதுவது ஒட்டினது ஒட்டினபடி வந்துவிடுகிறது. அதனால் நீ திட்டுவது எனக்கு மட்டும்தான் தெரியும், கவலைப்படாதே.

செப்டம்பர் நிச்சயம். மேலதிகாரியே வாயால் சொன்னார்.

பின்பக்கம் காலி என்று குறைப்பட்டாய். எதை எழுதுவது? ஊர்ப் பெயர், எத்தனை பேர், என்ன வேலை, இது மூன்றும் கூடாது. மற்றது எழுதலாமாம். சரி, மற்றதை எழுதுகிறேன். நாங்கள் மேலே, ஊர் கீழே. கடல் இங்கே ஒரு கோமாளி. காலையில் இருக்கும், மத்தியானம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஊருக்கு வர ஒரு மஞ்சள் படகுதான். எந்த நாட்டிலோ ஓடிக் களைத்து இங்கே விலைக்கு வந்தது, உள்ளே பழைய பாஷையில் எழுதின பலகைகளை யாரும் கழற்றவில்லை. எங்கே எச்சில் துப்பக் கூடாது என்று தெரியாமலே எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள். மூடிப்போன ஒரு மீன் டப்பா ஆலை இருக்கிறது. ஆலை மூடியும் சங்கு மட்டும் பகல் பன்னிரண்டுக்கு ஊதுகிறது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையாம்.

ராத்திரியில் உன் நினைப்பு வருகிறது. பகலிலும் வருகிறது. பகலில் கையில் ஸ்பானர் இருப்பதால் சமாளித்துவிடுகிறேன். இந்த வரியை ஐயா படித்துவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கும் வீடு இருக்கும்.

பின்பக்கமும் நிரம்பிவிட்டது. திருப்திதானே?

உன் மெக்கானிக்


ஏப்ரல் 15

என் மெக்கானிக்குக்கு,

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை துணியை மடிக்கிறது, மனசு மட்டும் மஞ்சள் படகிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. உலகத்தில் படகுப் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எந்தப் படகு எந்த நாட்டில் கட்டப்பட்டு எங்கே விற்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதி வைப்பார்கள். வேலை விஷயமாக அவர்களிடம் பலமுறை போயிருக்கிறேன். இந்தத் தடவை சொந்த விஷயமாகப் போனேன். மஞ்சள் படகுகள் சில அகப்பட்டன. கடல் அவ்வளவு தூரம் உள்வாங்குகிற துறைமுகங்கள் ஒரு பழைய அரசாங்க அறிக்கையில் இருந்தன. மீன் டப்பா ஆலை மூடின செய்தி மூன்றாவது.

எந்த ஊர் என்று எழுதமாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட. கண்டுபிடித்ததும் கொஞ்சநேரம் மடித்த துணிமேலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாள் நீங்கள் எங்கோ இருந்தீர்கள். எங்கோ என்பது எவ்வளவு பெரிய இடம் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அதற்குள்ளே இருப்பதால். இப்போது ஓரிடத்தில் இருக்கிறீர்கள்.

அந்த ஊருக்கென்று ஒரு மழைப் பக்கம் இருக்கிறது. யாரோ ஒரு பல் டாக்டர் தன் கூரையில் கருவி வைத்து, நேற்று எவ்வளவு மழை, இன்று காற்று எந்தப் பக்கம் என்று தினமும் காலையில் இணையத்தில் எழுதுகிறார். நூலகத்தில் கம்ப்யூட்டர் மெஷினைப் போட்டதும், அதிகாரிகள் வருமுன் அதைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு மூடிவிடுவேன், அவ்வளவுதான். பிறகு நாள் முழுக்கத் தெம்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை நன்றாக நனைந்திருப்பீர்கள். மழைக்கோட்டு பெட்டியின் அடியில் இருக்கிறது, நான்தான் மடித்து வைத்தேன். எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் துருவி


மே 2

துருவிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

நீ செய்கிறது வேண்டாம். உன் வேலையிடத்தில் அதைச் செய்யாதே. வீட்டிலும் செய்யாதே. உனக்குத் துருவி என்று பெயர் வைத்தது என் தப்பு. செப்டம்பர் வரப்போகிறது, அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க உன்னால் முடியாதா? என் வேலையில் ஒரு திருகாணியை அதிகம் முறுக்கினால் கழுத்தோடு வந்துவிடும். உன் வேலையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மழைக்கோட்டு கிடைத்தது.

மெக்கானிக்


மே 20

அன்புள்ள மெக்கானிக் ஐயா,

உத்தரவு கிடைத்தது. "உன்" என்ற சொல் கையெழுத்தில் விழுந்துபோயிருந்தது, அதையும் கவனித்தேன்.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. யாருடைய திருகாணியையும் தொடவில்லை. மழை பெய்ததா என்று பார்த்தேன். ஊரில் எல்லாப் பெண்களும் புருஷன் வீடு திரும்பும் நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு ஜன்னல் அங்கே இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன். நீங்கள் இன்னொரு தடவை சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. டம்ளர் முன்வரிசையில்தான் இருக்கிறது.

துருவி


ஜூன் 11

துருவிக்கு,

இடது பக்கக் கடைவாய்ப்பல் ஒரு வாரம் உயிரை எடுத்துவிட்டது. கீழே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் வாயை மூடமாட்டார். நம் வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் பேசிக்கொண்டே இருப்பார். தன் கூரையைப் பற்றி ஒரே பெருமை. எனக்கு வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

மேலே ஏறி வரும்போது வலியே தெரியவில்லை. பிடுங்கின இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது, நான் இளித்துக்கொண்டே வருகிறேன். வாசலில் நின்ற காவல்காரர் "என்னண்ணே, பல்லுக்குப் பதிலா லாட்டரியா விழுந்துது?" என்று கேட்டார்.

போன கடிதத்தில் எழுதினதை அடித்துவிடு. நீ எப்படி இருந்தாயோ அப்படியே இரு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் மெக்கானிக்
(உன் என்பதை இந்தத் தடவை அழுத்தி எழுதியிருக்கிறேன், பார்.)


ஜூலை 19

என் மெக்கானிக்குக்கு,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இது உங்களுக்கு வருவதற்குள் உங்களிடம் கேட்டிருப்பார்கள். இருந்தாலும் என் வாயால் நீங்கள் கேட்க வேண்டும்.

புதன்கிழமை வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். மற்றவர்களைத் தேடினது போதும், நம்மைப் பற்றி வெளியில் என்ன கிடக்கிறது என்று தேடுங்கள் என்றேன். புதிதாக வந்திருக்கும் ஒரு லெப்டினன்ட், கெட்டிக்காரப் பெண், நம் நூலகத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, நம் சொந்தத் தளத்தைக் கழித்துவிட்டுத் தேடினாள். நான் சொல்லிக்கொடுத்த அதே முறை. ஒன்று கிடைத்ததும் துள்ளிக்கொண்டு எழுந்து திரையில் போட்டாள்.

அந்தப் பல் டாக்டரின் மழைப் பக்கம். அதில் அன்றைய மழைக்குக் கீழே எழுதியிருந்தார்: "தினமும் காலையில் முதல் ஆளாக எங்கள் மழைக்கணக்கைப் பார்க்க வரும் பாதுகாப்பு ஆராய்ச்சி நூலகத்து அன்பருக்கு வணக்கம். எங்கள் சின்ன ஊர்மேல் உங்களுக்கு என்ன அக்கறையோ தெரியவில்லை. இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பல்லை இலவசமாகப் பார்க்கிறேன்."

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மேடம், அந்த ஊர்ல நமக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். சிரிப்போடுதான் கேட்டாள். பின்வரிசையில் ஒரு மேஜர் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நூலகத்து மெஷின்களில் பார்த்ததெல்லாம் சாயங்காலம் தானாக அழிந்துவிடும். வீட்டுப் போனில் தினமும் பார்த்தால் அத்தை கையிலோ யார் கையிலோ போகுமென்று பயந்து, இதுதான் பத்திரம் என்று நினைத்தேன். நம் பக்கம் அழிந்தால் போதுமா? யார் வந்து பார்த்தார்கள் என்பது பக்கத்தின் சொந்தக்காரருக்குத் தெரியும், நம் மெஷின் வெளியே போகிற இடமெல்லாம் நூலகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது. இது எனக்குத் தெரியாததா? முதல் வகுப்பில் முதல் பாடமே இதுதான். நாம் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தாலே எதிராளிக்குப் பாதி தெரிந்த மாதிரி என்று வாய் வலிக்கச் சொல்லுவேன். அதற்காகவே மூலையறையில் பெயர் காட்டாத மெஷின் ஒன்று இருக்கிறது. காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். புருஷன் நனைகிறாரா என்று பார்க்க என்று எழுதிக் கொடுக்க முடியுமா? தேடல் என்றாலே எனக்கு அதிகாரிகள் கொண்டுவரும் கேள்விதான். மழை பார்ப்பதும் தேடல்தான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

வகுப்பை முடித்துவிட்டு நேராக நூலகத் தலைவரின் அறைக்குப் போனேன். மேஜர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர்தான் கேட்டார்.

"அந்த ஊர்ப் பேரை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். நானே தேடிக் கண்டுபிடிச்சேன்."

"எதுக்கு?"

"அங்க மழை பெய்யுதான்னு பார்க்க."

தலைவர் அதை ஒரு தாளில் எழுதினார். எழுதினதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. ஆனா இதைப் படிக்கிற வேற யாரும் நம்பமாட்டாங்க. யாருக்காகப் பார்த்தீங்கன்னு கேப்பாங்க."

யாருக்காக என்றால் உங்களுக்காகத்தான். அதைச் சொன்னால் உங்கள் கடிதத்தை இழுப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கோ தகவல் கொடுக்கிறவள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அத்தையிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் செப்டம்பரில் நான் கை வைத்துவிட்டேனா? அதை மட்டும் எழுதுங்கள். எனக்கு என்ன ஆனாலும் தாங்கிக்கொள்வேன், அது போனால் தாங்கமாட்டேன்.

துருவி


ஆகஸ்ட் 30

துருவிக்கு,

மறைக்காமல் எழுதலாம். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, ஐயாவுக்கும் புதிதாக ஒன்றுமில்லை.

என்னை ஓர் அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்டவர் மரியாதையானவர், டீ கொடுத்தார். "உங்க மனைவி இதைச் செஞ்சது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. உங்க மாற்றல்ல ஒண்ணும் மாறாது" என்றார்.

"அவளுக்கு என்ன ஆகும் சார்?"

"அது உங்க கவலை இல்லையே."

எனக்கு வேறென்ன கவலை இருக்கிறது? தெரியும் சார் என்று சொல்லிவிட்டேன்.

பல் பிடுங்கப் போனேனே, அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னார். "எங்கேயோ தலைநகரத்துல ராணுவ நூலகமாம், அங்கேருந்து ஒருத்தர் தினமும் என் மழையைப் பார்க்கறார் தெரியுமா" என்று இடுக்கியோடு நின்று சொன்னார். அந்த நிமிஷமே மேலே வந்து அதிகாரியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று உனக்கு மறுபடி எழுதியிருக்க வேண்டும். நீ கேட்டும் இருந்தாய், இன்னொரு தடவை சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று. நான் என்ன எழுதினேன்? அப்படியே இரு என்று எழுதினேன்.

ஏன் என்று விசாரித்தவர் கேட்டார். அவரிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். இங்கே நாங்கள் யாருமில்லாதவர்கள் மாதிரி. ஊருக்குத் தெரியாது, உறவுக்குத் தெரியாது, செத்தால்கூட எங்கே செத்தான் என்று எழுதமாட்டார்கள். அப்படியிருக்க, நான் நனைகிறேனா என்று தெரிந்துகொள்ளாமல் ஒருத்தியால் காலை வேலையைத் தொடங்க முடியவில்லை. அதை என்னால் புகாராக எழுதிக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மழை பெய்தால் மழைக்கோட்டு போடாமல் கொஞ்சநேரம் நின்றிருக்கிறேன். நாளைக்குக் காலையில் அவளுக்குத் தெரியும் என்று நிற்பேன். பைத்தியக்காரத்தனம்தான்.

நீ என் கடிதத்திலிருந்துதான் கண்டுபிடித்தாய் என்பதையும் சொன்னேன். படகு, கடல், சங்கு, எல்லாம் நான் எழுதினது. அதனால் உன்னை வேறு யாரோடும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். வேலை போகாது, மெஷின் பக்கம் மட்டும் விடமாட்டார்களாம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். செப்டம்பர் இல்லை. இன்னும் இரண்டு வருஷம். பழைய இடத்தை மூடிவிட்டார்கள், என்னை வேறிடத்துக்கு அனுப்பியாயிற்று. இங்கே கடல் இல்லை. விடியற்காலையில் ஒரு சரக்கு ரயில் மெதுவாகி, வளைவில் பாதி திரும்பி நின்று, பிறகு வந்த வழியே போகிறது. ஜெனரேட்டர் பழசு, இருமுகிறது.

புறப்படுமுன் டாக்டரைப் பார்த்தேன். யாரோ வந்து சொல்லி அந்த வணக்கத்தை எடுக்க வைத்துவிட்டார்களாம். "அந்த அன்பர் இப்ப வர்றதே இல்லை. இலவசம்னு எழுதினது தப்பாப் போச்சோ, கோவிச்சுக்கிட்டாரோ" என்று என்னிடமே கேட்டார். கோபம் இருக்காது டாக்டர் என்றேன்.

உன்மேல் எனக்கும் இல்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

உன் மெக்கானிக்


செப்டம்பர் 21

என் மெக்கானிக்குக்கு,

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய அறிக்கைகளின் முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டுகிறேன். ஜன்னல் கிடையாது. வேலை எளிது. அந்த லெப்டினன்ட் பெண் ஒரு நாள் படியிறங்கி வந்து, "மேடம், நான் வேணும்னு பண்ணல" என்று அழுதாள். நன்றாகத் தேடினாய், அப்படித்தான் தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பொய் இல்லை.

அத்தையிடம் சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். "அங்க மழை அதிகமா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை, நிறையப் பெய்கிற ஊர் என்றேன். "சின்னதுலேர்ந்து அவனுக்குச் சளி பிடிக்கும்" என்றார். பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

தெரியாது என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்நேரம் இந்த வீட்டில் இருந்திருப்பீர்கள். அதற்காக உங்கள்மேல் கோபம் வருகிறது. அதை நினைத்தாலே ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் உங்களை அறியாமல் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். படித்த ஐயாவும் விட்டுவிட்டார். எந்த வரி என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும் எனக்கு. அத்தையின் போன் பக்கத்திலேயே கிடந்தது. நீங்கள் மறுபடியும் எங்கோ என்கிற அந்தப் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள், இரண்டு வருஷத்துக்கு, என்று நினைத்தபோது கை போனுக்குப் போய்விட்டது. எடுத்தும் விட்டேன். பிறகு வைத்துவிட்டு, சீட்டு ஒட்டும் வேலைக்குக் கொடுத்த கறுப்பு மையை எடுத்து, அந்த வரியை நானே அடித்தேன். எழுத்து தெரியாமல் போகும்வரை அடித்தேன். அடித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனிமேல் எழுதும்போது பார்த்து எழுதுங்கள். ஐயா படித்து விட்டுவிட்டாலும், கடைசியில் படிப்பவள் நான் என்பது நினைவிருக்கட்டும்.

உங்கள் துருவி